வீட்டிலிருந்து வராத பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 18 வயது. நிலவியல் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கணக்குப்பதிவியல் படித்தால் மட்டுமே பணம் தருவேன், இல்லையென்றால் ஒரு காசும் கிடையாது என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அவருடைய வருமானம் உதவித்தொகைக்கான வரம்பைத் தாண்டுவதால் எனக்கு எதுவும் கிடைக்காது என்கிறார்கள். முழுவதையும் கடன் வாங்கிப் படிப்பதா, ஓராண்டு வேலைக்குப் போய்ச் சேர்த்துவிட்டுப் படிப்பதா, அல்லது அவர் சொல்வதையே கேட்டுவிடுவதா? கல்லூரியில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் போலவும் தோன்றுகிறது.

ம.
(பெயரை வெளியிட வேண்டாம்)

அன்புள்ள ம.,

கடிதத்தின் கடைசியில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் கூச்சத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று கேள்விகளுக்குமான விடை அதில்தான் சிக்கியிருக்கிறது. என் படிப்பின் இரண்டாம் ஆண்டில் வீட்டிலிருந்து பணம் வருவது நின்றபோது, ஒரு பருவம் முழுவதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் தேர்வு எழுத முடியாது என்ற நிலை வந்து அலுவலகத்தில் போய் நின்றபோது, கட்டண விலக்குக்கான விண்ணப்பம் இரண்டு வாரங்களுக்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. அந்த ஒரு பருவத்துக்காக வாங்கிய கைமாற்றை அடைக்க மூன்று ஆண்டுகள் பிடித்தன. சொல்லியிருந்தால் அந்தக் கடனே தேவைப்பட்டிருக்காது. உங்கள் அப்பா எடுத்த முடிவை உள்ளபடி ஒரு அலுவலரிடம் தெரிவிப்பது அவரைப் பழிப்பதாகாது. அவர் பணம் தரப்போவதில்லை என்பது ஒரு தகவல், அந்தத் தகவல் இல்லாமல் உங்களுக்கு உதவ நினைப்பவராலும் உதவ முடியாது.

நீங்கள் எந்த நாட்டில் படிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் உங்கள் சிக்கல் பல நாடுகளுக்கும் பொதுவானது. பெற்றோரின் வருமானச் சான்றில் இருக்கும் பணமும் பிள்ளையின் கைக்கு வரும் பணமும் ஒன்றுதான் என்று எண்ணியே பல இடங்களில் கல்வி உதவிக்கான விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் கூட்டரசின் நிதியுதவியைக் கோரும் இளநிலை மாணவர் 24 வயதை எட்டாதவராகவும் மணமாகாதவராகவும் பராமரிக்கக் குழந்தைகள் இல்லாதவராகவும் இருந்தால், பொதுவாகப் பெற்றோரைச் சார்ந்தவராகவே கணக்கிடப்படுகிறார். பெற்றோர் பணம் தர மறுப்பதோ, மாணவர் தனியே வாழ்ந்து தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வதோ மட்டும் அந்த நிலையை மாற்றுவதில்லை. இங்கிலாந்தில் 25 வயதுக்குக் குறைந்தவர் பெற்றோரைச் சாராதவராகக் கருதப்பட, பொதுவாக மூன்று ஆண்டுகள் தன் சம்பாத்தியத்தில் வாழ்ந்ததையோ, பெற்றோருடனான உறவு மீளமுடியாதபடி முறிந்துவிட்டதையோ மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இந்திய வங்கிகளின் கல்விக்கடனில் பொதுவாகப் பெற்றோரில் ஒருவர் கூட்டுக்கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். பணம் தராத தகப்பனாரின் பெயரே இங்கெல்லாம் வாசலை மறித்து நிற்கிறது.

இது மாற்றமுடியாத இயற்கை விதி அன்று. ஸ்வீடனில் மாணவருக்கான அரசு உதவி பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதே இல்லை. ஜெர்மனியில் 1971 முதல் நடப்பிலிருக்கும் மாணவர் உதவிச் சட்டம் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், அவர்கள் தரவேண்டிய பங்கைத் தராமல் போவதால் படிப்புக்கு ஆபத்து நேரும்போது, அரசே அதை முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் பெற்றோரிடம் வசூலிக்க வழிசெய்திருக்கிறது. தகப்பனுக்கும் மகளுக்கும் இடையிலான பிணக்கின் சுமையை மகளின் தலையிலேயே முழுவதும் ஏற்றிவிடாத இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது. எல்லா நாடுகளிலும் இது வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆனால் உங்களுக்கு இந்த ஆண்டே வழி வேண்டும். முதலில், அப்பாவிடம் பணம் கேட்பதையும் தகவல் கேட்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். பணம் தர மறுத்தவர் வருமான விவரத்தையும் மறுத்துவிட்டதாக நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். அமெரிக்காவின் விண்ணப்பத்தில், பெற்றோர் விவரம் தருவதால் மட்டும் அவர்கள் பணம் கட்டும் கடமைக்கு ஆளாவதில்லை. இதை அறியாமல், கையொப்பமிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சி மறுப்பவர்கள் உண்டு. கூட்டுக்கடனாளியின் கையொப்பம் அப்படியன்று, நீங்கள் கட்டத் தவறினால் அவர் கட்டியே தீரவேண்டும், ஆகவே அதைக் கேட்கும்போது அந்த உண்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, கல்லூரியின் மாணவர் நல அலுவலகத்துக்கோ நிதியுதவி அலுவலகத்துக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். எந்த நாளில் பெற்றோர் என்ன சொன்னார்கள், உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது, முதல் பருவத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். உங்களை நெருக்கமாக அறிந்த ஆசிரியர் ஒருவரின் கடிதத்தையும் இணையுங்கள். விதிவிலக்கு கோரும்போது வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரின் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். வருமான வரம்பு எல்லா உதவிகளுக்கும் இருப்பதில்லை. மதிப்பெண், பாடப்பிரிவு ஆகியவற்றைப் பார்த்துத் தரப்படும் தொகைகளையும், தவணையில் கட்டும் அனுமதியையும், கல்லூரிக்குள்ளேயே கிடைக்கும் பகுதிநேர வேலையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். “ஏதாவது உதவி கிடைக்குமா” என்ற கேள்விக்கு “இல்லை” என்று சொல்வது எளிது.

கடனைப் பற்றி ஒரு கணக்கைப் பாருங்கள். நான்காண்டுப் படிப்பில் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 100 என்ற அளவில் கடன் வாங்குவதாகவும், ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி என்றும் வைத்துக்கொள்வோம். படிப்பு முடியும்போது முதலாண்டுக் கடனுக்கு 40, இரண்டாம் ஆண்டுக்கு 30, மூன்றாம் ஆண்டுக்கு 20, நான்காம் ஆண்டுக்கு 10 என வட்டி சேர்ந்திருக்கும். வாங்கியது 400, முதல் சம்பளம் வருவதற்கு முன்பே நிற்பது 500. வட்டியும் அசலோடு சேர்ந்து வட்டி ஈட்டுமானால் அது 510ஐத் தாண்டிவிடும். எனவே கையிருப்பும் உதவித்தொகையும் எவ்வளவு இருந்தாலும் அவற்றை முதலாண்டில் செலவிட்டு, கடனைக் கூடுமானவரை பின்னால் தள்ளுவதே சிக்கனம். ஆனால் பிந்தைய ஆண்டுகளுக்குக் கடன் கிடைக்கும் என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் இப்படிச் செய்யக்கூடாது, ஏனெனில் பட்டமும் கிடைக்காமல் கடனும் மிஞ்சி நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை. ஆஸ்திரேலியாவில் 1989இல் தொடங்கியதைப் போல, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே திருப்பிச் செலுத்தத் தொடங்கும் அரசுக்கடன் உங்கள் நாட்டில் இருந்தால், அதை முழுவதும் பயன்படுத்திய பின்னரே தனியார் கடனைப் பற்றி யோசியுங்கள்.

ஓராண்டு வேலை பார்ப்பது தவறில்லை. ஆனால் அந்த ஓராண்டு உங்களைச் சட்டத்தின் கண்ணில் தனித்தவராக ஆக்கிவிடாது என்பதை மேலே சொன்ன விதிகளிலிருந்தே கண்டுகொள்வீர்கள். சேமிப்பு கூடும், தகுதி மாறாது. கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்கு நிறுத்திவைப்பார்களா, பள்ளியை முடித்த ஆண்டிலேயே சேர்பவர்களுக்கு மட்டும் என்றிருக்கும் உதவிகளை இழப்பீர்களா என்ற இரண்டையும் விசாரிக்காமல் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

மூன்றாவது கேள்வியை உங்களுக்காக நான் தீர்மானிக்க முடியாது. கணக்குப்பதிவியல் உங்களுக்கு வெறுப்பான பாடம் என்று நீங்கள் எழுதவில்லை, அப்பா விரும்புவது என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். அந்த வேறுபாட்டைச் சற்று யோசியுங்கள். அவர் அஞ்சுவது உங்கள் பிழைப்பைப் பற்றி என்றால், நிலவியல் படித்தவர்கள் நிலத்தடி நீர், சுரங்கம், அணை, சுரங்கப்பாதை எனப் பல துறைகளில் வேலை பார்ப்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். அவர் மனம் மாறலாம், மாறாமலும் போகலாம். அதற்காகக் காத்திருக்கையில் விண்ணப்ப நாட்கள் போய்விடும்.

கல்லூரிக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரைவை இந்த வாரமே எனக்கு அனுப்புங்கள். படித்து, குறைப்பதைக் குறைத்து, சேர்ப்பதைச் சேர்த்து மறுநாளே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்.