தரைக்குக் கீழே பழைய பெல்லட் அடுப்பு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வேலூர் பக்கம் பெல்லட் அடுப்பு (மரத்தூள் மாதிரி கழிவை அழுத்திச் செய்த சின்ன உருளைகளை எரிக்கறது) பரவ ஆரம்பிச்சதிலிருந்து என்கிட்ட வர்ற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "செகண்ட் ஹேண்டில் ஒண்ணு கிடைச்சிருக்கு, கீழ் ரூமில் வைக்கலாமா?" கனடாவில் ஒன்பது வருஷம் பெல்லட் ஸ்டவ் மாட்டுற வேலை பார்த்தேன். இப்போ காட்பாடியில் தகர வேலையும் புகைக்கூண்டு வேலையும் செய்யறேன். அந்த ரெண்டு அனுபவத்தையும் வச்சுத்தான் இந்தப் பதில்கள்.

ஒரு வார்த்தையை முதல்ல தெளிவாக்கிடறேன். நம்ம ஊர் மேஸ்திரி "பேஸ்மட்டம்"னு சொல்றது கடக்காலுக்கு மேல வர்ற உயரத்தை. இங்க நான் பேஸ்மென்ட்னு சொல்றது தரைமட்டத்துக்குக் கீழே இருக்கற அறையை.

காட்பாடியிலிருந்து, மெஸ் நடத்துபவர்: அண்ணே, கமர்ஷியல் சிலிண்டர் செலவு தாங்கல. மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து ப்ளோயர் வச்ச பெல்லட் அடுப்பு ரெண்டு வாங்கிட்டேன். என் சமையல்கட்டு அண்டர்கிரவுண்டில் இருக்கு. ஒரு பைப் போட்டு புகையை வெளியே விட்டா போதுமா?

போதாது தம்பி. ஏன்னு சொல்றேன். நீங்க வாங்கினது வாய் திறந்த அடுப்பு. கீழே ப்ளோயர் காத்து ஊதும், நடுவுல பெல்லட் எரியும், ஜ்வாலை மேல வந்து அண்டாவோட அடியில படும். அண்டாவுக்கும் அடுப்பு வாய்க்கும் நடுவுல இருக்கற இடைவெளி வழியாத்தான் எரிஞ்ச காத்து வெளியே வருது. அதாவது ரூமுக்குள்ளேயே வருது. பைப் மாட்ட அதுல இடமே கிடையாது. மேல ஹூட் வச்சு டக்ட் போட்டு இழுக்கலாம். ஆனா இழுக்கற அளவுக்குப் புதுக் காத்து உள்ளே வரணும். படிக்கட்டு ஒண்ணுதான் வழின்னா அது பத்தாது.

கேஸை விட்டு மாறணும்னு நினைச்சது சரிதான். எல்பிஜி காத்தை விடக் கனம், கசிஞ்சா கீழ் ரூமில் குளம் மாதிரி தேங்கும். சிலிண்டர் தரைக்குக் கீழே இருக்கவே கூடாது. செலவைப் பார்த்தாலும், சூட்டுக் கணக்கில் ஒரு கிலோ கேஸுக்கு ஏறக்குறைய இரண்டரையிலிருந்து மூணு கிலோ பெல்லட் வரும். நீங்க பெல்லட் வாங்கற விலையை அதோட பெருக்கிப் பாருங்க, லாபமா இல்லையான்னு தெரிஞ்சிடும். ஆனா அந்த ரெண்டு அடுப்பும் பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போகணும். கீழே வைக்கறதுக்கு நான் வந்து வேலை செய்து தரமாட்டேன்.

சத்துவாச்சாரிப் பெண், இப்போது கனடாவில் ஒன்டாரியோவில் நர்ஸ்: அண்ணா, நாங்க வாங்கின பழைய வீட்டோட பேஸ்மென்ட் ஐஸ் மாதிரி இருக்கு. ஒருத்தர் பத்து வருஷம் ஓடின பெல்லட் ஸ்டவ் விக்கறார். வாங்கலாமா? பைப் எப்படிப் போகணும்?

தங்கச்சி, உங்க ஸ்டவ் வேற ஜாதி. கதவு மூடி எரியறது. பெல்லட் கொட்டற தொட்டியான ஹாப்பரிலிருந்து திருகுக் கம்பி ஒண்ணு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளும். அதுல ரெண்டு ஃபேன் இருக்கும். ஒண்ணு எரிஞ்ச காத்தைப் பைப்புக்குள்ள தள்ளும், இன்னொண்ணு சூட்டை ரூமுக்குள்ள வீசும். இதை பேஸ்மென்டில் வைக்கலாம், ஆயிரக்கணக்கான வீட்டில் வச்சிருக்காங்க. ஆனா பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி பைப் போற வழியை ஒரு தாளில் வரைஞ்சு பாருங்க. வழி வரலைன்னா ஸ்டவ்வை விட்டுடுங்க, எவ்வளவு சீப்பா இருந்தாலும் சரி.

உங்க சுவர் முக்கால்வாசி மண்ணுக்குள்ள இருக்கு. அதனால ஸ்டவ்வுக்குப் பின்னாடியே நேரா வெளியே போக முடியாது. ஸ்டவ் வாயிலேயே, திறந்து சுத்தம் செய்யற மூடி வச்ச ஒரு டீ (T வடிவப் பைப் இணைப்பு), அங்கிருந்து ரூமுக்குள்ளேயே நேரா மேல ஏறி, காங்கிரீட் சுவர் முடிஞ்சு மரச்சட்டம் ஆரம்பிக்கற இடத்தில் வெளியே போகணும். மரத்தைத் துளைக்கற இடத்தில் அதுக்குன்னே விக்கற உறை போடாம பைப்பை விடக்கூடாது. பைப்புக்கும் மரத்துக்கும் எவ்வளவு இடைவெளின்னு பைப் மேலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 1 அங்குலம் அல்லது 3 அங்குலம்.

பைப் 3 அங்குலமா 4 அங்குலமா? அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, பைப் வழியில் புகைக்கு வர்ற தடையை அடிக்கணக்கா மாத்தறது. ஒவ்வொரு டீக்கும், 90 டிகிரி எல்போவுக்கும் (வளைவுக்கும்) 5 அடி. 45 டிகிரிக்கு 3 அடி. படுக்கையாப் போற ஒரு அடிக்கு ஒரு அடி, நெட்டுக்குத்தா ஏறற ஒரு அடிக்கு அரை அடி. உங்க வழியைப் போட்டுப் பாருங்க: டீ 5, ஆறடி ஏற்றம் 3, மேல ஒரு எல்போ 5, சுவரைத் தாண்ட 2. மொத்தம் 15. பதினைந்தைத் தாண்டினா 4 அங்குலம் போடணும்னு பொதுவாச் சொல்வாங்க. நீங்க எல்லைக்கோட்டிலேயே நிக்கறீங்க. வெளியே இன்னொரு டீ வச்சு நாலைஞ்சு அடி மேல ஏத்தச் சொல்லப் போறேன், அப்போ எப்படியும் தாண்டிடும். அதனால 4 அங்குலம்.

வெளியே ஏன் ஏத்தணும்? கரண்ட் போனா ஃபேன் நிக்கும். எரிஞ்சிட்டிருந்த பெல்லட் நிக்காது. அந்த நேரத்தில் புகையை மேல இழுக்கறது பைப்போட உயரம் மட்டும்தான். சுவரோட முடிச்சுவிட்ட பைப்பில் புகை திரும்பி ரூமுக்கு வரும்.

பைப் வாய் ஜன்னலுக்கோ கதவுக்கோ கீழேயோ பக்கத்திலேயோ இருந்தா 4 அடி தள்ளி இருக்கணும். தரையிலிருந்து குறைஞ்சது 1 அடி உயரம், உங்க ஊரில் பனி குவியற உயரத்துக்கும் மேல. ஸ்டவ்வோட மேனுவல் இதுக்கு மாறாச் சொன்னா மேனுவல்தான் சட்டம். பைப் "பெல்லட் வென்ட்"னு முத்திரை உள்ளதா இருக்கணும். கேஸ் ஹீட்டருக்குப் போடற பி வென்ட் கூடாது, துணி காயவைக்கற மெஷினோட குழாய் கூடவே கூடாது. மாட்டினதும் வெட் (WETT, கனடாவில் விறகு, பெல்லட் அடுப்புகளைச் சோதிக்கறவங்களுக்கான சான்று) ஆய்வாளரைக் கூப்பிட்டுச் சான்று வாங்கிடுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லேன்னா பின்னால க்ளெய்ம் கிடைக்காம போகலாம்.

அவரே மறுபடி: காத்து உள்ளே வர தனிக் குழாய் வேணுமா? பேஸ்மென்டில் பர்னஸும் (வீட்டைச் சூடாக்கற இயந்திரம்) வாட்டர் ஹீட்டரும் இருக்கு.

வேணும். குளிர்காலத்தில் வீட்டுச் சூடான காத்து மாடி வழியா வெளியேறும், அந்த இடத்தை நிரப்ப பேஸ்மென்டிலிருந்துதான் காத்து மேல இழுபடும். அதனால கீழ் ரூம் எப்பவும் காத்துக்கு ஏங்கிக்கிட்டே இருக்கும். அங்கே ஸ்டவ்வும் உறிஞ்ச ஆரம்பிச்சா, வாட்டர் ஹீட்டரோட புகை அதோட பைப்பிலேயே தலைகீழா இறங்கலாம். ஸ்டவ்வுக்கு வெளிக்காத்து இரும்புக் குழாயில் நேரா வரட்டும்.

குடியாத்தத்திலிருந்து: சார், பழைய ஸ்டவ் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்க, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்க. "ஒயர் மட்டும் கொடுத்தா ஓடும்"னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க.

அணைஞ்சு ஆறின பிறகு கதவைத் திறந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை வச்சு மூடி, வெளியே இழுத்துப் பாருங்க. பிடிச்சு நிக்கணும். வழுக்கிக்கிட்டு வந்தா அந்த இடத்தில் கதவு இடுக்கை அடைக்கற கயிறு கேஸ்கட் செத்துப்போச்சு. கதவைச் சுத்தி எட்டு இடத்தில் இதைச் செய்யுங்க. கயிறு மாத்தறது சின்ன வேலை, ஆனா விலை பேச உதவும். அடுத்து டார்ச் அடிச்சு உள்ளே சூடு மாத்தற குழாய்களைப் பாருங்க. மேல் துரு பரவாயில்லை. விரிசல் இருந்தா எழுந்து வந்துடுங்க, ஏன்னா அந்த விரிசல் வழியாத்தான் புகை சூட்டுக்காத்தோட கலந்து ரூமுக்கு வரும். ஃபேனைக் கையால சுத்திப் பாருங்க, கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் போச்சு. ஹாப்பரில் போன வருஷத்து பெல்லட் கிடந்தா ஈரத்தில் ஊதித் திருகைப் பிடிச்சிருக்கும். கம்பெனி பெயர்த் தகடும் மேனுவலும் இல்லாத ஸ்டவ்வை எந்த ஆய்வாளரும் ஏத்துக்க மாட்டார்.

ஏலகிரியிலிருந்து, காட்டேஜ் வைத்திருப்பவர்: மலைச்சரிவில் பாதி மண்ணுக்குள்ள இருக்கற ரூம். டிசம்பர், ஜனவரியில் வர்றவங்க குளிருதுன்னு சொல்றாங்க. அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் பழைய ஸ்டவ் அனுப்பறேன்றார். டிரான்ஸ்பார்மர் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம் சார். டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. திருகு மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுத்தும், ஃபேன் வேகமும் மாறும். காத்தும் பெல்லட்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாம கண்ணாடி கருக்கும், புகை கூடும். ஐரோப்பாவில் செய்தது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதுதான் நமக்குப் பொருந்தும். ஏலகிரி 3,500 அடிக்கு மேல. பல மேனுவல்கள் 3,000 அடிக்கு மேல போனாலே 4 அங்குலப் பைப் கேட்கும்.

கரண்ட் போனா ஓட சைன் வேவ் இன்வர்ட்டர் வேணும். பத்த வைக்கற கம்பி மட்டும் முதல் சில நிமிஷம் 300, 400 வாட் இழுக்கும், அதுக்கப்புறம் கொஞ்சம்தான். விருந்தாளி தூங்கற ரூம்ங்கறதால கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாம சாவி கொடுக்காதீங்க. என்னைக் கேட்டா, வருஷத்தில் ரெண்டு மாசக் குளிருக்கு ஜன்னல் இடுக்கை அடைச்சு நல்ல ரஜாய் ரெண்டு கொடுத்தாலே போதும்.

ஆற்காட்டிலிருந்து: பெல்லட்டில்தான் புகையே வராதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பயம்?

கண்ணுக்குத் தெரியற புகைக்கு நான் பயப்படல. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கனடாவிலிருந்து வந்த புதுசில் ஒரு கல்யாண மண்டபத்தோட கீழ்த்தளச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாங்க. வெந்நீருக்கு மூடின பெல்லட் அடுப்பு, பைப் நல்லாத்தான் போட்டிருந்தது. சமையல்கார அம்மா ரெண்டு பேருக்கு ரெண்டு நாளா தலைவலி, வாந்தி. வெயில்னு நினைச்சு மோர் குடிச்சுட்டு வேலை பார்த்திருக்காங்க. வெளியே காத்தாட உட்கார்ந்தா சரியாகுது, உள்ளே போனா மறுபடி வருது.

பூஜை மாடத்திலிருந்து ஒரு ஊதுவத்தி வாங்கிப் பத்த வச்சு, அடுப்பு ஹாப்பர் மூடி ஓரமாப் பிடிச்சேன். புகை உள்பக்கம் வளையணும். நேரா நின்னுச்சு. சுவரில் இருந்த பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொன்னேன். புகை என் முகத்துக்குத் திரும்புச்சு. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததால ஃபேனுக்குக் காத்து கிடைக்கல, அடுப்போட பைப்பிலிருந்தே உறிஞ்சிக்கிட்டு இருந்தது. அன்னைக்கே சுவரில் ரெண்டு ஜன்னலளவு ஓட்டை போட்டோம். அந்த அம்மாக்கள் ரெண்டு பேரும் பிழைச்சாங்க. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் யோசிக்கறேன். அதனாலதான் காட்பாடித் தம்பிக்கு அவ்வளவு கறாரா எழுதினேன்.

வாணியம்பாடியிலிருந்து: பைப்புக்கு பிவிசி, ஜிஐ, ஆஸ்பெஸ்டாஸ் எது சீப்?

மூணும் வேண்டாம். பிவிசி இளகிடும். ஜிஐ பூச்சு சூட்டில் உரிஞ்சு உள்ளே துரு பிடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் திடீர்ச் சூட்டில் வெடிக்கும், அறுத்தா அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். ஸ்டெயின்லெஸ் போடுங்க. மூட்டுக்கு மூட்டு சூடு தாங்கற சிவப்பு சிலிகான் பூசுங்க, ஏன்னா பெல்லட் பைப்புக்குள்ள ஃபேன் அழுத்தம் இருக்கு, சின்ன இடுக்கிலும் கசியும்.

குடியாத்தத்திலிருந்து, எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர்: எங்ககிட்ட கடலைத் தோல் மலையா இருக்கு. அப்படியே ஹாப்பரில் கொட்டலாமா?

அப்படியே கொட்டினா திருகு சிக்கும், எரியறதும் ஒரே சீரா இருக்காது. பெல்லட்டா அழுத்தினா நல்ல எரிபொருள், வடஆற்காட்டுக்குன்னே அமைஞ்சது. ஆனா நல்ல மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழே, கடலைத் தோலில் அதைவிடப் பல மடங்கு. மரத்துக்குன்னு செய்த ஸ்டவ்வில் எரிகிண்ணத்தோட ஓட்டைகள் சீக்கிரம் அடைபடும், தினமும் சுரண்டணும். உமி பெல்லட் பக்கமே போகாதீங்க, அதுல சாம்பல் இன்னும் ரொம்ப அதிகம்.

ஆம்பூரிலிருந்து, பண்டாரி: பெல்லட்டில் பிரியாணி தம் வருமா பாய்?

கொதிக்க வைக்க நல்லா வரும். தம்முக்கு மேல மூடியில் வைக்கற கங்கு பெல்லட்டில் கிடைக்காது பாய். அதுக்கு விறகுக் கரிதான்.

காட்பாடி மெஸ்காரர் மறுபடி: அண்ணே, அடுப்பைக் கொட்டகைக்கு மாத்திட்டேன். காலியான கீழ் ரூமில் ஒரு லோடு பெல்லட் மூட்டையை அடுக்கலாமா?

மாத்தினதுக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனா லோடு கணக்கில் அங்கே வேண்டாம். மரத்தூள் பெல்லட்டைக் குவிச்சு மூடி வச்சா, எரிக்காமலே மெல்ல கார்பன் மோனாக்சைடு விடும். ஐரோப்பாவில் மூடின பெல்லட் கிடங்குக்குள்ள இறங்கி ஆள் செத்திருக்காங்க. அடுத்தது ஈரம். 2021 நவம்பரில் பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினபோது நம்ம பக்கம் எத்தனை கீழ்த்தளத்தில் தண்ணி ஊறிச்சுன்னு உங்களுக்கே தெரியும். தண்ணி பட்ட பெல்லட் மறுபடி மரத்தூள்தான். கொட்டகையிலேயே தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குப் பலகை போட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அடுக்குங்க. அடுப்பிலிருந்து ஆறேழு அடி தள்ளி. சாம்பலை மூடி போட்ட தகர டின்னில் ரெண்டு மூணு நாள் ஆறவிட்டு அப்புறம் தென்னை மரத்தடியில் கொட்டலாம், அதுவரைக்கும் மூட்டைப் பக்கமே டின்னை வைக்காதீங்க.