குளத்து வேலி: கோடு போட்ட பிறகு கண்ணாடியைப் பார்க்கலாம்

கேள்வி: தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. தோட்ட வீட்டின் பின்புறம் 30க்கு 14 அடியில் நீச்சல் குளம் கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. குளத்துக்கு மேல் பக்கம் கல் தடுப்புச்சுவர், கீழ்ப் பக்கம் பள்ளத்தாக்கு. மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள். இரண்டு அறைகளை விருந்தினருக்கும் விடுகிறோம். வேலி போட வேண்டும், ஆனால் ஜெயில் மாதிரி இருக்கக் கூடாது. எனக்குக் கண்ணாடி வேலி ஆசை, வீட்டில் மூங்கில் என்கிறார்கள். காட்டுமாடும் பன்றியும் வந்துபோகிற இடம். எது பார்க்க நன்றாக இருக்கும், எது நிலைக்கும்?

பதில்: கண்ணாடியா மூங்கிலா என்பதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த மேல் பக்கத்துக் கல் தடுப்புச்சுவர்தான். மலையில் குளத்து வேலி அழகாக அமைவதும் அசிங்கமாகப் போவதும் பொருளால் அல்ல, வேலி எந்தக் கோட்டில் போகிறது என்பதால்தான். கோடு சரியாக விழுந்தால் சாதாரணக் கம்பி வேலிகூடக் கண்ணுக்கு உறுத்தாது. தவறாக விழுந்தால் லட்சங்களைக் கொட்டிய கண்ணாடியும் நடுவீட்டில் நிறுத்திய பீரோ மாதிரிதான்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் குளத்து வேலியில் நீண்ட அனுபவம் உள்ள நாடு ஆஸ்திரேலியா. நான் கைக்கொள்வது அவர்களுடைய அளவுகளைத்தான். உயரம் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது நான்கு அடி. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. அடியில் தரைக்கும் வேலிக்கும் உள்ள சந்துக்கும் இதே கணக்கு. குறுக்குச் சட்டங்கள் இரண்டு இருந்தால் அவற்றுக்கு நடுவே குறைந்தது 900 மில்லிமீட்டர். நான்கு அங்குலத்தில் சதுரமாக ஒரு மரக்கட்டை அறுத்து மேஸ்திரி கையில் கொடுத்துவிடுங்கள். அது எங்கே நுழைகிறதோ அங்கே வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

சரி, நான்கு அடி என்றால் எங்கிருந்து நான்கு அடி? குளத்தைச் சுற்றியுள்ள தளத்திலிருந்து அல்ல. வெளியே குழந்தை நிற்கிற இடத்திலிருந்து. சமவெளியில் இரண்டும் ஒன்றுதான், மலையில் அப்படி இல்லை. தடுப்புச்சுவர் மூன்று அடி உயரம் என்று வையுங்கள். அதன் காலடியில் நான்கு அடி வேலி போட்டால், சுவருக்கு மேலே உள்ள படித்தளத்தில் நிற்கிற பிள்ளைக்கு அது ஒரு அடி வேலிதான். ஒரு காலைத் தூக்கி வைத்தால் உள்ளே. ஆகவே மேல் பக்கத்து வேலி மேல் தளத்திலேயே, சுவரின் தலைக்கு மேல் நிற்க வேண்டும். கண்ணுக்கும் அதுதான் நல்லது. குளத்தில் இருந்து பார்த்தால் கல்சுவர் முழுதாகத் தெரியும், வேலி அதற்கு மேல் செடிகளோடு கலந்துவிடும்.

கீழ்ப் பக்கத்தில் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். குளத்து ஓரத்திலேயே வேலியை நிறுத்தாமல், சரிவில் ஐந்தாறு அடி இறங்கி, தரை இரண்டு அடி தாழ்ந்த இடத்தில் போடுங்கள். வேலி தன் காலடியிலிருந்து நான்கு அடிதான். ஆனால் குளத்துத் தளத்துக்கு மேலே இரண்டு அடிதான் தலை நீட்டும். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறவரின் பார்வை அதற்கு மேலாகப் போய்விடும். பள்ளத்தாக்கை மறைக்காத வேலி வேண்டும் என்றுதானே கண்ணாடி கேட்கிறீர்கள்? பாதி வேலையை இந்தச் சரிவே செய்து கொடுத்துவிடும். இடையில் உள்ள சரிவில் தாழ்ந்து படரும் செடிகளை வையுங்கள், மண்ணும் பிடிக்கும். சரிவு செங்குத்தாக இருந்தால் மட்டும் இந்த வித்தை வேண்டாம், உள்ளிருந்து யாராவது உருண்டுவிடுவார்கள்.

நான்காவது பக்கம் வீடு. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். மூன்று பக்கம் வேலி போட்டுவிட்டு, நான்காவது பக்கம் வீட்டுச் சுவர்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை எங்கிருந்து வரும்? காட்டிலிருந்தா வரும்? வீட்டுக்குள்ளிருந்து, வராந்தாக் கதவு வழியாகத்தான் வரும். நான்கு பக்கமும் அடைத்த குளங்களில் சிறு பிள்ளைகள் மூழ்கும் ஆபத்து, வீட்டை ஒரு பக்கமாக விட்டு அடைத்த குளங்களைவிடக் குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள்; அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஆகவே வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலும் வேலி வேண்டும். 'ஜெயில்' என்று தோன்றப்போவதும் இந்தப் பக்கம்தான். கண்ணாடிக்குச் செலவு செய்வதானால் இங்கே செய்யுங்கள்.

அதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. வீட்டுப் பக்கம் மேட்டை வெட்டி எடுத்த கெட்டி மண். கீழ்ப் பக்கம் அந்த மண்ணைக் கொட்டி நிரப்பிய இடம். நிரப்பிய மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பி வேலி அரை அங்குலம் சாய்ந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். கண்ணாடி அப்படி வளைந்துகொடுக்காது. அடிப்பிடி ஒன்று அசைந்தால் பலகை முழுதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

கண்ணாடி என்றால் சட்டமில்லாத வேலிக்கு 12 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடி, அதாவது சூட்டில் பதப்படுத்திக் கெட்டியாக்கியது. இதைப் பதப்படுத்திய பிறகு அறுக்கவும் முடியாது, துளை போடவும் முடியாது. வத்தலக்குண்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கும்போது ஒரு பலகை கால் அங்குலம் கூடுதலாக இருந்தால், திரும்பக் கீழே போக வேண்டியதுதான். அதனால் கான்கிரீட் பட்டியைப் போட்டு முடித்து, அதன் மேல் அளவெடுத்து, பலகைகள் எல்லாம் ஒரே அகலத்தில் வருகிற மாதிரி ஆர்டர் கொடுங்கள். ஒரு பலகை உபரியாக வாங்கி வையுங்கள். டஃபன்டு கண்ணாடி எப்போதாவது யாரும் தொடாமலே வெடிப்பதுண்டு. உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகள்தான் காரணம். 'ஹீட் சோக்', அதாவது விற்கும் முன்பே சூடேற்றிப் பார்க்கும் சோதனை செய்த கண்ணாடி என்று கேட்டு வாங்கினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

பிடிகளும் திருகுகளும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 கிரேடாக இருக்கட்டும். கடைக்காரர் 304 போதும் என்பார். சமையலறைக்குப் போதும். குளோரின் தண்ணீர் தெறிக்கிற இடத்தில், மாலிப்டினம் சேர்ந்த 316 இல்லாவிட்டால் டீக் கறை மாதிரிப் பழுப்புப் புள்ளிகள் எழும்பும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள்.

மற்ற மூன்று பக்கத்துக்கும் என் சிபாரிசு, நெடுக்குக் கம்பி வைத்த இரும்பு வேலி, மங்கலான கறுப்பு நிறத்தில். கறுப்பு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். சில்வரும் வெள்ளையும் பச்சைக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கறுப்பு, சில்வர் ஓக் மர நிழலுக்குள் கரைந்துவிடும். பத்தடி தள்ளி நின்றால் கம்பி தெரியாது, அதற்குப் பின்னால் உள்ள மலைதான் தெரியும். வெல்டிங் வேலையெல்லாம் முடித்த பிறகு முழுச் சட்டத்தையும் துத்தநாகத்தில் முக்கி எடுத்து, அதற்கு மேல் பவுடர் கோட்டிங் கொடுக்கச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசி வருகிற ஜி.ஐ. பைப்பை வாங்கிவந்து தோட்டத்தில் வெல்டு வைத்தால், வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். மஞ்சு இறங்கும் ஊரில் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். தூண் ஊன்றிய இடத்தில் கான்கிரீட்டின் தலையைச் சற்றுக் குவித்து விடச் சொல்லுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது. சரிவில் வேலியைப் படிப்படியாக இறக்கினால் அடியில் முக்கோணச் சந்து விழும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வாசல். சரிவோடு சாய்த்தே சட்டத்தை வெல்டு செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்ட வீட்டுக் குளத்துக்குப் படுக்கைவசமாகப் பட்டைக் கம்பிகள் ஓடும் வேலி போட்டேன். அப்போது அதுதான் ஃபேஷன், பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. வேலை முடிந்து காசு வாங்கப் போன அன்று, வீட்டுக்காரரின் நான்கு வயதுப் பேத்தி வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஏணி ஏறுவதுபோல ஏறி, உச்சியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குக் காசு வாங்கவில்லை. கம்பிகளை மாற்றி வெல்டு செய்துவிட்டுத்தான் வாங்கினேன். சாதாரண கம்பி வலை வேலியிலும் இதே கதைதான். இரண்டு அங்குல ஓட்டைக்குள் சின்னக் கால்விரல் அழகாக நுழையும்.

மூங்கில் விஷயத்தில் வீட்டில் சொல்வதை நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் குளத்து வேலியாக வேண்டாம். நெருக்கமாகக் கட்டினால் அடுக்களை ஜன்னலிலிருந்து தண்ணீர் தெரியாது. கண் பார்வையை மறைக்கிற வேலி பாதி வேலிதான். மண்ணில் ஊன்றிய பாகம் சீக்கிரம் உளுத்துவிடும், கணுக்களும் குறுக்குக் கட்டும் கால் வைக்க இடம் கொடுக்கும். உடை மாற்றும் இடத்துக்கு மறைப்பு வேண்டுமே, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்த மூங்கிலாக வாங்குங்கள். இன்னொரு யோசனை, உண்ணிக்குச்சி. தோட்ட ஓரமெல்லாம் மண்டிக்கிடக்கிற அதே உண்ணிச்செடிதான். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் அதில் ஆள் உயர, யானை உயர உருவங்களே செய்கிறார்கள். வேகவைத்துத் தோலுரித்த குச்சியில் பின்னிய தட்டி, மூங்கிலைவிட இந்த மலைக்கு ஒட்டிய முகமாக இருக்கும். மரத்தூண் வேண்டுமென்று தோட்டத்து மரத்தில் கை வைத்துவிடாதீர்கள். மலைப் பகுதியில் மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டும், 1955 முதல் சட்டம் இருக்கிறது.

இனி கேட். வேலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழந்தை நுழைவது கேட் வழியாகத்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு பூட்டைக் குறை சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. ஆனால் பூட்டு, பூட்ட வேண்டும் என்று ஞாபகம் வைத்திருக்கிற ஆளை நம்பி இருக்கிறது. விருந்தினர் கையில் டவலும் ஜூஸும் இருக்கும்போது அந்த ஞாபகம் வராது. கேட் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தானாகக் கொண்டி விழ வேண்டும். குளத்தை விட்டு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். குழந்தை தள்ளினால் மூடிக்கொள்கிற மாதிரி. கொண்டியை விடுவிக்கும் குமிழ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கட்டும்.

மரக் கேட் வேண்டாம். ஐப்பசியில் மரம் ஊதிக்கொள்ளும், கொண்டிக்கு அரை விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். பார்த்தால் சாத்தியிருப்பது போலவே இருக்கும், விரலால் தொட்டால் திறக்கும். இரும்புச் சட்டத்தில், ஸ்பிரிங் கீலும் காந்தக் கொண்டியும் வைத்துச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு விதமாகச் சோதியுங்கள்: முழுக்கத் திறந்து விட்டு, அப்புறம் ஒரு சாண் மட்டும் திறந்து விட்டு. இரண்டாவதில்தான் கேட்டுகள் மாட்டிக்கொள்ளும்.

காட்டுமாட்டுக்கு இந்த வேலி பதில் ஆகாது. ஆயிரம் கிலோவை நெருங்குகிற காளை, நான்கு அடி வேலியை ஒரு பொருட்டாக நினைக்காது. மாசி, பங்குனியில் தண்ணீர் வாடை அதை இழுக்கும். விலங்குக்கான தடுப்பு தோட்டத்தின் எல்லையில் இருக்கட்டும், கல்லுக்கால் ஊன்றிய வேலியோ அகழியோ, உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எது வேலை செய்கிறதோ அது. சூரிய மின்வேலி என்றால் 2023ல் வந்த தமிழ்நாடு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். எப்படியானாலும் குளத்து வேலியில் மின்கம்பியோ முள்கம்பியோ தொடவே கூடாது. ஈர உடம்போடு நிற்கிற இடம் அது.

வேலிக்கு வெளியே மூன்று அடிக்குப் பூந்தொட்டி, பெஞ்ச், ஏசியின் வெளி யூனிட் எதுவும் வேண்டாம். பேஷன் ஃப்ரூட் கொடியை வேலியில் ஏற்றிவிடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அது ஏணியும் ஆகும், திரையும் ஆகும். தண்ணீர்ச் சூடு போகாமல் இருக்க நீலக் குமிழ் விரிப்பு விற்பார்கள். சூட்டுக்கு அது சரி. ஆனால் அதைப் பாதுகாப்பு மூடி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை அதன் மேல் கால் வைத்தால் விரிப்போடு உள்ளே போய்விடும், மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

வெல்டரைக் கூப்பிடும் முன் ஒரு வேலை. நான்கு அடிக் குச்சிகளை நான் சொன்ன கோட்டில் ஊன்றி, தலையில் கயிறு கட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். வராந்தாவில், சமையலறையில், குளத்து ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். கயிறு எங்கே மலையைக் குறுக்கே வெட்டுகிறதோ அங்கே கோட்டை இன்னும் கீழே இறக்கலாமா என்று யோசியுங்கள். தடுப்புச்சுவரின் உயரத்தையும், அதற்கு மேல் எத்தனை அடி சமதரை இருக்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். மேல் பக்கத்துத் தூண்களை எவ்வளவு தள்ளி ஊன்றுவது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.