விறகுப் பெட்டியும் இறப்பர் காணி இறக்கமும்

வண்டி வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அவிசாவளைக்கு அப்பால் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இறப்பர் காணி இருக்கிறது. மரங்கள் பழசாகிவிட்டதால் மறுநடுகைக்காக வெட்டத் தொடங்கியிருக்கிறோம். கொழும்பில் பேக்கரி வைத்திருக்கிறோம், விறகுப் போறணைதான். அதனால் விறகை விற்காமல் நாங்களே எடுக்கிறோம். கல்பிட்டி ஹோட்டல் ஒன்று விற்ற பழைய ஹோண்டா ரான்சர் 420, நாலு சில்லு பைக் ஒன்றை வாங்கினேன். காணியின் மேட்டிலிருந்து கீழே லொறி நிற்கும் இடத்துக்கு விறகு இறக்க ஒரு ட்ரெயிலர் தேவை. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரத்தில், த்ரீவீல் சில்லு பூட்டிச் செய்து தருகிறோம், ஒரு டன் தாங்கும் என்கிறார்கள். ஓடர் கொடுக்கலாமா, ஐயா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. பெட்டி ஒரு டன் தாங்கும் என்று பட்டறைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அந்தப் பெட்டியை இறக்கத்தில் பிடித்து நிறுத்தப்போவது உங்கள் பைக். ரான்சர் 420 இழுக்கக்கூடியது என்று ஹோண்டா சொல்வது 385 கிலோ. அதுவும் பெட்டியின் சொந்தப் பாரத்தையும் சேர்த்து. பைக்கின் எடையே 270 கிலோ பக்கம்தான்.

இப்போது விறகைக் கணக்குப் பார்ப்போம். காய்ந்த இறப்பர் மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ. வெட்டிய புதிதில், பச்சையாக, அதைப்போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கிய விறகில் மூன்றில் ஒரு பங்கு வெறும் இடைவெளி. பட்டறைக்காரர் சொன்ன பெட்டி 48 கன அடி, அதாவது 1.36 கன மீட்டர். அதை விளிம்பு வரை பச்சை விறகால் நிரப்பினால் 800 கிலோவைத் தாண்டும். பாதிதான் ஏற்றுவேன் என்பீர்கள். ஏற்றுகிறவர் நீங்கள் இல்லையே! பெட்டியில் இடமிருந்தால் கூலிக்கு வருகிற பொடியன்கள் நிரப்பாமல் விடமாட்டார்கள்.

எனவே பெட்டியையே சின்னதாகச் செய்யுங்கள். 4 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். அது 18 கன அடி. காய்ந்த விறகு 200 கிலோ போகும், பச்சை என்றால் 300. பெட்டி 100 கிலோ என்றால் பச்சை விறகோடு மொத்தம் 400 வந்துவிடுகிறது, பார்த்தீர்களா? சமதரையிலேயே அது கூடுதல். சரிவில் இன்னும் குறைக்க வேண்டும். பச்சை விறகென்றால் பெட்டியின் உள்பக்கம் பாதி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு அடித்துவிடுங்கள், அதற்கு மேல் ஒரு கட்டையும் வேண்டாம். மேலேயே வெட்டிப் பிளந்து, மழை படாமல் அடுக்கிக் கொஞ்சம் காயவிட்டு இறக்கினால் இன்னும் நல்லது. தரையில் போட்டுவைக்காதீர்கள். இறப்பர் மரத்தில் பூஞ்சணமும் வண்டும் வெகு சீக்கிரம் ஏறும்.

அடுத்தது சில்லு. த்ரீவீலுக்குப் பூட்டுகிற 4.00-8 டயர் தார் ரோட்டுக்குச் சரி. பியரிங், ஹப் எல்லாம் பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கும் என்பதால்தான் எல்லாப் பட்டறையும் அதையே பூட்டப் பார்க்கிறது. ஆனால் உங்கள் பக்கம் வைகாசி தொடங்கினால் மழை விடாது. அந்தச் சிவப்பு மண்ணில் ஒடுக்கமான டயர் கத்தி மாதிரி இறங்கும். உங்கள் பைக்கில் இருப்பதைப் போல அகலமான, காற்றுக் குறைவாக அடிக்கிற டயரைத் தேடுங்கள். பழைய நாலு சில்லு பைக் ஒன்றைக் கழற்றி விற்கிறவர்களிடம் ரிம்மோடு கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பெற்றோல் ஷெட்டில் காருக்கு அடிக்கிற 30 பீ.எஸ்.ஐ.யை அதற்கு அடித்துவிட வேண்டாம், டயர் வெடித்து ஆளுக்குக் காயம் வரும். இந்த டயர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். குறைந்த அமுக்கம் காட்டுகிற ஒரு சின்ன கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஷெட்டில் இருப்பது இதற்கு உதவாது.

இறப்பர் காணி என்றால் குறுக்கே மண் அரிப்பைத் தடுக்க வெட்டிய கான்கள் இருக்கும், அடிக்கட்டைகளும் இருக்கும். பணம் இடங்கொடுத்தால், பக்கத்துக்கு இரண்டு சில்லு வைத்து, இரண்டையும் நடுவில் ஆடுகிற ஒரே சட்டத்தில் பூட்டச் சொல்லுங்கள். முன் சில்லு கட்டையில் ஏறும்போது பின் சில்லு தரையிலேயே இருக்கும், பெட்டி பாதி உயரம்தான் எழும். சுவீடன், பின்லாந்துக் காடுகளில் மரம் இழுக்கிற சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் இந்த அமைப்புத்தான். செலவு கூடும், பாரமும் கூடும், சட்டென்று திருப்ப முடியாது. உங்கள் காணியில் ஒரே ஒரு ஒழுங்கான பாதையை வெட்டி, கான்களுக்கு மேல் பலகை போட முடியுமென்றால் இரண்டு சில்லே போதும். நான் என்றால் முதலில் பாதையைத்தான் வெட்டுவேன்.

கொளுவும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பைக்கின் பின் கரியரில் கயிறோ சங்கிலியோ கட்டி இழுக்கவே கூடாது. இழுவை உயரத்திலிருந்து வந்தால் ஏற்றத்தில் முன் சில்லு கிளம்பி பைக் உங்கள் மேலேயே மல்லாக்க விழும். கொளுவி, பின் அச்சின் உயரத்துக்குக் கீழே, கம்பனி வைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும். இழுவைத் தண்டு தன்னைத்தானே சுழலும்படி செய்யச் சொல்லுங்கள். அப்போது பெட்டி கவிழ்ந்தாலும் பைக்கைச் சேர்த்துப் புரட்டாது. தண்டு கொஞ்சம் நீளமாக இருந்தால் பின்னுக்கு எடுப்பதும் சுலபம். விறகை அச்சுக்குச் சற்று முன்பக்கம் கூடுதலாக அடுக்குங்கள், மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்களவு கொளுவியில் நின்றால் போதும். ஆனால் கொளுவிக்கென்று பைக்கின் கையேட்டில் தனி எல்லை போட்டிருக்கும், அது அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த எல்லைதான் கணக்கு. பெட்டியின் பின்பக்கம் பாரம் கூடினால் பைக்கின் பின் சில்லு பிடியிழக்கும்.

இறங்கும்போது முதல் கியர், அதையும் மேலே நிற்கும்போதே போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியரைத் தொட்டீர்களோ, பெட்டி உங்களைத் தள்ள ஆரம்பிக்கும். குறுக்குச் சரிவில் போகாதீர்கள், நேரே இறங்குங்கள். நாலு சில்லு பைக் செய்கிற பொலாரிஸ் கம்பனி தன் வண்டிகளுக்குச் சொல்லியிருப்பது: ட்ரெயிலர் இழுத்தால் சமதரையில் மணிக்கு 16 கிலோமீட்டர், ஏற்ற இறக்கத்திலும் வளைவிலும் 8. ஹோண்டாவுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். அடித்தட்டுக்குத் தகடு வேண்டாம், வலைக்கம்பி போடுங்கள், தண்ணீர் நிற்காது. பின்கதவு கழலட்டும். போறணை வாய்க்கு ஏற்ற நீளத்தில் மரத்தடியிலேயே வெட்டிவிட்டால் பேக்கரியில் இரட்டை வேலை மிச்சம். லொறியிலிருந்து அப்பால் உங்கள் பைக்குக்கு வேலை இல்லை. ஏ4 வீதியில் கொஞ்சத் தூரம்தானே என்று பெட்டியோடு இறங்கிவிடாதீர்கள். அதற்கு டிமோ பட்டா மாதிரி ஒரு சின்ன லொறியைக் கூலிக்குப் பிடியுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் 2 அங்குல உருண்டைக் கொக்கி இருக்கிறது. ட்ரெயிலரின் கப்பில் 50 மி.மீ. என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?
வாசகர், ஹட்டன்

பதில்: ஒன்றல்ல. 2 அங்குலம் என்றால் 50.8 மி.மீ. கப் அதன்மேல் முழுதாக இறங்காமலே பூட்டிவிட்டதுபோலத் தெரியலாம். உங்கள் மலைப் பாதையில் அது கழன்றால் கீழே தேயிலைக்குள் போய்த்தான் தேட வேண்டும். 50க்கு 50 வாங்குங்கள், பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள்.

கேள்வி: லீவுக்குக் காணிக்குப் போகும்போது விறகு ட்ரெயிலரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றலாமா?
வாசகி, தெஹிவளை

பதில்: கூடாது, தங்கச்சி. மெதுவாக ஓட்டினாலும் கூடாது. பிள்ளைகளை நடக்க விடுங்கள்.