மின்சாரத்துக்கும் கட்டுச்சோறு

கேள்வி: எங்கள் குலதெய்வம் சொரிமுத்து அய்யனார். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் குடில் போட்டு மூன்று நாள் தங்குவோம். இந்த முறை லண்டனிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். நான்கு செல்போன், இரண்டு டார்ச், ஆச்சிக்குச் சார்ஜ் போடுகிற காது மிஷின் என்று சாமான் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் மின்சிகரெட் ஒன்று இருக்கிறது, அதற்கும் தினமும் சார்ஜ் வேண்டுமாம். பிளக் இல்லாத இடத்தில் இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது? சோலார் பேனல் வாங்கலாம் என்கிறான் மகன். வாங்கலாமா?
– கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: பேனல் வேண்டாம் அம்மா. அதற்கு முன் மின்சிகரெட்டை முடித்துவிடுவோம். அதற்குச் சார்ஜர் தேடும் வேலையே உங்களுக்கு இல்லை. 2019இல் வந்த மின்சிகரெட் தடைச் சட்டப்படி இந்தியாவில் அதைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, கொண்டுபோவது, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். இறக்குமதிக்கு முதல்முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லண்டனில் கடையில் வாங்கிய பொருள்தானே என்று மாப்பிள்ளை நினைக்கலாம். விமான நிலையச் சுங்கத்தில் அந்த நியாயம் எடுபடாது. அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிகோடின் இல்லாமல் தலைவலி, எரிச்சல் வரும் என்றால், மருத்துவரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் வாங்கிக்கொள்ளட்டும். அதற்குச் சார்ஜ் தேவையில்லை.

இனி பேனல். சில வருடங்களுக்கு முன் நானும் உங்கள் மகனைப் போலத்தான் யோசித்தேன். செல்போன் பழுது பார்க்கிறவன் என்ற கெத்து வேறு. 20 வாட் மடக்குப் பேனல் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு காரையாற்றுக்குப் போனேன். கிளம்பும்போது பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளந்தது. பாபநாசம் தாண்டி மலை ஏறியதும் சாரல். ஆடி மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதம். சமவெளியில் நமக்கு வறண்ட காற்றாக வந்து புழுதியை வாரி இறைப்பது, மலையில் மேகத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் வருகிறது. போதாததற்கு ஆற்றங்கரை முழுக்க மரநிழல். நல்ல வெயிலில் பன்னிரண்டு, பதினைந்து வாட் தரக்கூடிய பேனல், மேகமூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தந்தாலே பெரிய விஷயம். இரண்டாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால், பொங்கல் அடுப்பில் சாரல் படாமலிருக்க மைனி அந்தப் பேனலை மறைப்பாக நிறுத்தியிருந்தார்கள். அந்த மூன்று நாளில் அது செய்த உருப்படியான வேலை அதுதான்.

பங்குனியில் மணிமுத்தாறு அணைப் பக்கம் வெட்டவெளியில் ஒரு வாரம் தங்கப் போகிறீர்கள் என்றால் என் பதில் வேறாக இருக்கும். ஆடிக் காரையாற்றுக்கு ஒரே வழி, மின்சாரத்தை ஊரிலேயே கட்டிக்கொண்டு போவதுதான். வழியில் ஓட்டல் இல்லை என்று தெரிந்தால் புளியோதரை கட்டுகிறோம் அல்லவா, அது மாதிரி. (நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கு மின்சாரப் பஞ்சமா என்ன? பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின் நிலையம், கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள், ராதாபுரம் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலை. இருந்தும் நம் குடிலில் ஒரு பிளக் கிடையாது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறோம், அப்படித்தான் இருக்க வேண்டும்.)

எவ்வளவு கட்டுவது? இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பவர் பேங்கின் மேல் 20,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்று போட்டிருக்கும். செல்போன் பேட்டரி 5,000. நான்கு தடவை சார்ஜ் ஆகும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, மூன்றாவது தடவையே தீர்ந்ததும் கடைக்காரனோடு சண்டைக்குப் போகிறார்கள். என் கடைக்கும் வந்திருக்கிறார்கள். கடைக்காரன் மேல் தப்பில்லை. எம்.ஏ.எச். என்பது பாத்திரத்தின் வாயகலம் மாதிரி. உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்று தெரிய ஆழமும் வேண்டும், அந்த ஆழம்தான் வோல்ட். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-மணி. பவர் பேங்குக்குள் இருக்கும் செல் 3.7 வோல்ட். 20,000 எம்.ஏ.எச். என்பது 20 ஆம்பியர்-மணி, 3.7ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. 5,000 எம்.ஏ.எச். செல்போன் ஏறக்குறைய 19 வாட்-மணி. பவர் பேங்க் தன் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றித் தரும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். செல்போன் அதை வாங்கிக்கொள்ளும்போது இன்னும் கொஞ்சம் போகும். முக்கால் பங்கு கைக்கு வந்து சேர்ந்தால் நல்ல பவர் பேங்க். 74இல் முக்கால் 55. ஆக, ஒரு 20,000 பவர் பேங்க் உங்கள் போனை ஏறக்குறைய மூன்று தடவை நிரப்பும், 10,000 ஒன்றரைத் தடவை. கையில் வாட்-மணிக் கணக்கு இருந்தால் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஊரிலிருந்து எல்லாம் நிறைந்த சார்ஜோடு கிளம்புவீர்கள். அங்கே நான்கு போனையும் தலா ஒரு தடவை நிரப்ப 76 வாட்-மணி. சார்ஜ் ஏற்றும் டார்ச்சுக்குள் இருக்கும் உருளை செல் ஒன்று பத்து வாட்-மணி பிடிக்கும், இரண்டு டார்ச்சுக்கு 20. காது மிஷின் எறும்புத் தீனி. மூன்று இரவுக்கும் சேர்த்து 5 என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நூறு. நூறு கைக்கு வர வேண்டுமென்றால் 133 கொண்டுபோக வேண்டும். இரண்டு 20,000 பவர் பேங்க் போதும், 148 ஆகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள்தான் எடை. வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ரத வீதித் தள்ளுவண்டியில் 50,000 எம்.ஏ.எச். என்று உள்ளங்கை அகலத்தில் விற்பதைத் தொடாதீர்கள். ஒன்றை மாப்பிள்ளை அங்கிருந்து கொண்டுவருவதாக இருந்தால், விமானத்தில் 100 வாட்-மணிக்கு உட்பட்டதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

பழைய 10 வாட் சார்ஜரில் ஒரு 20,000 பவர் பேங்க் நிறைய ஒன்பது, பத்து மணி நேரம் பிடிக்கும். கிளம்பும் அன்று காலையில் பிளக்கில் சொருகினால் கதை முடிந்தது. இரண்டு நாள் முன்பே ஏற்றி வைத்துவிடுங்கள். அந்த நாளில் உங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின் நிறுத்தம் அறிவித்திருக்கிறார்களா என்று பேப்பரில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுச்சோறு எவ்வளவு கட்டினாலும் ஓட்டைப் பாத்திரத்தில் வைத்தால் நிற்காது. காட்டுக்குள் செல்போனின் ஓட்டை, சிக்னல். கோபுரம் எட்டாத இடத்தில் போன் சும்மா இருக்காது. எங்கே எங்கே என்று முழுச் சக்தியையும் போட்டுத் தேடிக்கொண்டே இருக்கும். பையில் கிடந்தபடியே சாயங்காலத்துக்குள் பாதி சார்ஜைக் குடித்துவிடும். ஃபிளைட் மோடில் போட்டுவிட்டால் அதே போன் இரண்டு நாள் தாங்கும், படமும் எடுக்கலாம். ஊரில் இருப்பவர்களிடம் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பத்து நிமிடம் மட்டும் போனைத் திறப்போம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான்கு பேரும் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை, ஒருவர் போதும். இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இரண்டாவது பவர் பேங்கைத் தொடாமலேயே திரும்பிவிடுவீர்கள். நான் திரும்பியிருக்கிறேன்.

வேன் வைத்துப் போவதாக இருந்தால், ஓடும்போதே கார் சார்ஜரில் போன்களை ஏற்றிக்கொள்ளலாம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாபநாசம் கொஞ்ச தூரம்தான், பெரிதாக ஏறிவிடாது. திருவிழா நாட்களில் தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் போகச் சொல்வதும் உண்டு. வண்டி பக்கத்தில் நிற்கும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம், அந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ஜெனரேட்டர் வைத்து வயர் இழுத்துக் கொடுத்தால், அதில் போனை நேராகப் போடாதீர்கள். வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். பவர் பேங்கைப் போடுங்கள். கெட்டுப்போனால் அது மட்டும் போகட்டும். ஈரத் தரையில் கிடக்கும் ஒட்டுப் போட்ட வயருக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடவே கூடாது.

கேபிளைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் அங்கே போய் முழிப்பது பெரும்பாலும் இதில்தான். இப்போதைய பவர் பேங்குகளில் கேபிள் சொருக, சப்பையான பழைய வாயும், முட்டை வடிவச் சி-வாயும் இருக்கும். மலிவான டார்ச்சுகள் பலவற்றில் சி-வாய் இருந்தாலும், இரு பக்கமும் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. நமக்கு மின்சாரம் வேண்டும் என்று பவர் பேங்குக்குச் சொல்ல வேண்டிய சின்ன ரெசிஸ்டரைத் தயாரித்தவர்கள் உள்ளே வைத்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் பழைய வாய், மறுபக்கம் சி உள்ள கேபிள் என்றால் ஏறும். அதில் இரண்டு கொண்டுபோங்கள். வீட்டிலேயே ஒவ்வொரு சாமானையும் அதே பவர் பேங்கில், அதே கேபிளில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். கேபிளைக் குடில் வாசலில் தொங்கவிடாதீர்கள். காரையாற்றுக் குரங்குகளுக்கு அது எதற்கு என்று தெரியாது, ஆனால் எடுக்கத் தெரியும்.

ஈரம். ஆற்றில் குளித்துவிட்டு வந்த கையோடு சார்ஜ் போடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. போனின் வாயில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் பொன்னிறப் பின்கள் பச்சை பிடித்து அரித்துவிடும். என் கடைக்கு ஆடி முடிந்ததும் இந்த நோயாளிகள்தான் வரிசையாக வருவார்கள். வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்து, தட்டி, காற்றோட்டமாகச் சில மணி நேரம் வைத்த பிறகு போடுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள்; மாவும் தூசியும் உள்ளே போய்க் களியாகிவிடும். பவர் பேங்கைத் துணியில் சுற்றி, மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பாபநாசம் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், டப்பாவுக்குப் பிரச்சினை இல்லை. அதே டப்பாவில் சாவி, சில்லறை போடக் கூடாது, அடுப்புப் பக்கமும் வைக்கக் கூடாது.

ஆச்சியின் காது மிஷினில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. எதுவும் சொருகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் அரை நிமிடத்தில் தாமே அணைந்துவிடும். ராத்திரி சொருகிவிட்டுத் தூங்குவீர்கள், காலையில் ஆச்சிக்குக் காது கேட்காது. சில பவர் பேங்குகளில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்சாரத்துக்கான முறைக்கு மாறும், கையேட்டில் பாருங்கள். இல்லாவிட்டால் காது மிஷினோடு ஒரு போனையும் அதே பவர் பேங்கில் சேர்த்துப் போடுங்கள். போன் நிறைகிற வரை பவர் பேங்க் விழித்திருக்கும், அது வரை மிஷினும் ஏறும். ஆற்றில் முங்கும் முன் மிஷினைக் கழற்றி, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அந்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றோடு வேறொரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். பொத்தான் பேட்டரி போடுகிற பழைய மிஷின் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், சார்ஜர் தகராறு செய்தாலும் ஆச்சிக்கு வில்லுப்பாட்டு கேட்கும். ஒன்று மட்டும்: அந்தப் பேட்டரியின் முதுகில் உள்ள ஸ்டிக்கரை உரித்த நிமிடத்திலிருந்தே, போட்டாலும் போடாவிட்டாலும், அது காற்றை வாங்கித் தீரத் தொடங்கிவிடும். மாட்டுகிற நேரத்தில்தான் உரிக்க வேண்டும். உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டு மாட்டுங்கள்.