உடைந்த பல்லை அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் நான்கு வயது நாய் எலும்பைக் கடித்தபோது மேல்தாடைக் கடைவாய்ப்பல்லிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. உடைந்த இடத்தின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரிகிறது. ஆனாலும் வழக்கம்போலச் சாப்பிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடக் கூடாது. சாப்பிடுகிறது என்பதால் வலியில்லை என்று பொருளல்ல. பசியும் உயிர்பிழைக்கும் இயல்பும் வலியைவிட வலியவை என்பதால், நாய் நோகும் பக்கத்தைத் தவிர்த்து மறுபக்கத்தால் மென்று தட்டைக் காலி செய்துவிடும். வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் பற்காறை (பல்லின் மேல் இறுகிய அழுக்கு) மிகுதியாகப் படிந்திருந்தால், அந்தப் பக்கத்தை அது வெகுநாளாகப் பயன்படுத்தவில்லை என்று சந்தேகிக்கலாம்.

நீங்கள் சொல்லும் பல், நாயின் 42 நிலைப்பற்களில் அடிக்கடி உடைவதாகிய மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லாக இருக்கக்கூடும். அதற்கு மூன்று வேர்கள். உடைந்த இடத்தில் மருத்துவர் மெல்லிய ஊசிமுனைக் கருவியை மெதுவாக இழுத்துப் பார்ப்பார். அது கண்ணாடியின் மேல் செல்வதுபோல வழுக்கிச் சென்றால், பழுப்பாகத் தெரிவது தேய்மானத்துக்கு ஈடாகப் பல் தானே கட்டிக்கொண்ட புதிய அடுக்கு என்று பெரும்பாலும் கொள்ளலாம். முனை குழிக்குள் இறங்கினால் பற்கூழ் திறந்திருக்கிறது. நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள அந்தக் கூழ் வழியாக வாய்க் கிருமிகள் வேர்நுனிக்கு இறங்கித் தாடை எலும்பை அரிக்கும். கண்ணுக்குக் கீழே வீக்கம் எழுந்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் வடிந்து, சில வாரங்களில் மீண்டும் எழுவது இதனால்தான். கூழ் இறந்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை.

எனவே வழிகள் இரண்டே: வேர்க்குழாய் சிகிச்சை அல்லது பல்லைப் பிடுங்குதல். முதலாவதில் இறந்த கூழை அகற்றி, குழாயைச் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். பல் நிலைக்கும், ஆனால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்க்க வேண்டும். கடைவாய்ப்பல்லும் கோரைப்பல்லும் வேலை மிகுந்தவை என்பதால், தாங்கும் எலும்பு நன்றாக இருந்தால் காப்பாற்றுவதையே நான் விரும்புவேன். பிடுங்குவதும் முழுமையான சிகிச்சைதான். நாய் அதன்பின் நிம்மதியாகச் சாப்பிடும். உடைந்து 48 மணி நேரத்துக்குள் வந்த இளம் நாய்களுக்கு மட்டும், கூழின் மேற்பகுதியை நீக்கி மருந்திட்டு மூடி, பல்லை உயிரோடு வைத்திருக்க முயலலாம். வேர்நுனி இன்னும் மூடாத, சுவர் மெல்லிய பல்லுக்கு அது பெரும் நன்மை.

எதுவானாலும் முழு மயக்கமும் பல் எக்ஸ்ரேவும் தேவை. விழித்திருக்கும் நாயின் வாயைத் திறந்து பார்ப்பதால் வேரின் நிலை தெரியாது.

கேள்வி: எங்கள் நாயின் கோரைப்பல் உடையவில்லை, ஆனால் சாம்பல் கலந்த ஊதா நிறமாகிவிட்டது. ஏன்?

பதில்: அடிபட்டதில் உள்ளே இரத்தம் கசிந்து, அது பல்லின் உட்சுவரில் ஊறியதால் வந்த நிறம் அது. இப்படி நிறம் மாறிய பற்களில் பெரும்பாலானவற்றின் கூழ் இறந்தே போயிருக்கும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாவிட்டாலும் கூழ் உயிரோடிருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மேலே சொன்ன இரண்டு சிகிச்சைகளே இதற்கும்.

கேள்வி: பூனைக்குக் கோரைப்பல்லின் நுனி மட்டும் கொஞ்சம் போய்விட்டது. பல்வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரை தரலாமா?

பதில்: பூனையின் கோரைப்பல்லில் கூழ் கிட்டத்தட்ட நுனிவரை நீண்டிருப்பதால், சிறிதளவு உடைந்தாலும் அது திறந்துவிடுகிறது; உடனே காட்டுங்கள். பாராசிட்டமால் பூனைக்கு உயிர்க்கொல்லி, ஒரு மாத்திரையே போதும். ஐபுபுரூஃபனும் நாய், பூனை இரண்டுக்கும் ஆபத்தானது. மருத்துவர் எழுதித் தரும் வரை எதையும் கொடுக்காமல், மென்மையான உணவு மட்டும் வையுங்கள்.