மீட்ட குதிரைக்கு உடம்பு கூடிவிட்டது: பட்டினி போடலாமா?

கேள்வி: கடற்கரைச் சவாரியில் ஓடாய்த் தேய்ந்து, கைவிடப்பட்ட பெண் குதிரை ஒன்றை ஒன்றரை வருடத்துக்கு முன்பு நீலாங்கரையில் எங்கள் இடத்துக்குக் கொண்டுவந்தோம். வயது 12 இருக்கும். தினமும் 2 கிலோ கொள்ளு, 1 கிலோ கோதுமைத் தவிடு, மாலையில் வெல்லம், வாழைப்பழம், நாள் முழுக்க கோ-4 பசும்புல். சவாரி கிடையாது. இப்போது விலா எலும்பே தட்டுப்படவில்லை, பிடரி தடித்துவிட்டது. வாரம் 2 நாள் பட்டினி போட்டால் இளைக்கும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கொழுத்த குதிரைக்கு, அதிலும் மட்டக்குதிரைக்கு, திடீரென்று தீனி நின்றால் உடம்பிலுள்ள கொழுப்பு ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிவிடும். கல்லீரல் தாங்காது. சோர்ந்துபோய், தீனியை முகர்ந்துகூடப் பார்க்காமல் நின்று, சில நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். தவிர, குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். புல்லும் எச்சிலும் போய்க்கொண்டிருந்தால்தான் புண் வராமல் இருக்கும். பசியில் கிடந்து வந்த ஜீவன், காலித் தொட்டியைப் பார்த்தால் படும் பதற்றம் தனி. நிறுத்த வேண்டியது தானியத்தை. புல்லை எடை போட்டுக் கொடுத்தால் போதும்.

முதலில் அது கொழுப்புதானா என்று பாருங்கள். பக்கத்தில் ஆண் குதிரை இல்லையென்றால் சினை சந்தேகம் இல்லை; சினைக்காலம் 11 மாதம்தான். வயிறு மட்டும் தொங்கி முதுகெலும்பு துருத்தினால் அது குடற்புழுவாகவோ சத்தில்லாத தீனியாகவோ இருக்கலாம். சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கொழுப்பைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவித்தான் அறிய வேண்டும். உங்கள் கையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முஷ்டி மடக்கி விரல் முட்டிகளைத் தடவுங்கள்: விலா அப்படி இருந்தால் இளைப்பு. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவும்போது எலும்பு தெரிகிறதே, அதுதான் சரியான விலா. உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை மாதிரி இருந்தால் கொழுப்பு. பிடரிமேடு, தோளுக்குப் பின்பக்கம், வால் முளைக்கும் இடம் மூன்றையும் அழுத்திப் பாருங்கள்.

அடுத்து எடை. தையல்காரர் நாடா போதும். முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பின் முனை வரை நீளம் ஒரு அளவு, இரண்டும் செ.மீ.யில். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. உதாரணத்துக்கு 160 செ.மீ. சுற்றளவும் 138 செ.மீ. நீளமும் இருந்தால் கிட்டத்தட்ட 300 கிலோ.

இந்த எடையில் 1.5 சதவீதம், அதாவது ஈரம் கழித்து 4.5 கிலோ, ஒரு நாள் தீனி. உலர்ந்த புல்லில் 10 சதவீதம்தான் ஈரம். கோ-4-இல் சுமார் 80 சதவீதம் தண்ணீர். ஆகவே 4 கிலோ உலர்புல், 3 கிலோ பசும்புல், 300 கிராம் காய்ந்த குதிரை மசால் (பயறு வகைத் தீவனச் செடி) சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். ஒரே நாளில் மாற்ற வேண்டாம். கொள்ளு, தவிடு, வெல்லம் மூன்றையும் 7 முதல் 10 நாளில் குறைத்து நிறுத்துங்கள். புல்லை முதலில் 2 சதவீதத்தில் வைத்து, 2 வாரத்தில் 1.5-க்கு இறங்குங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அதற்குக் கீழே போகக் கூடாது. 2 கிலோ கொள்ளு தினமும் ஓடி உழைக்கிற குதிரைக்கான தீனி. நிற்கிற குதிரைக்கு அது முழுக்கப் பிடரியில்தான் ஏறும். குழந்தைகள் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெள்ளரித் துண்டு கொடுக்கட்டும்.

கோ-4-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது மாட்டுக்கு அருமையான புல். ஆனால் அந்த இனப் புற்களில் ஆக்ஸலேட் அதிகம். தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குதிரைக்குச் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். தவிட்டிலோ பாஸ்பரஸ் மிகுதி. இரண்டும் சேர்ந்து ஒன்றரை வருடம் போயிருப்பதுதான் எனக்குக் கவலை. சுண்ணாம்பு குறையக் குறைய எலும்பிலிருந்து உருவி எடுக்க ஆரம்பிக்கும். கன்ன எலும்பு புடைக்கும், கால் மாறி மாறி நொண்டும். முகத்தின் இரு பக்கமும் தடவிப் பார்த்து, வீக்கம் இருந்தால் உடனே சொல்லுங்கள். குதிரை மசால் சேர்க்கச் சொன்னது சுண்ணாம்புக்காகத்தான். கூடவே குதிரைக்கான தாது உப்பும், 100 கிலோ எடைக்கு 10 கிராம் வீதம் சாதா உப்பும் வேண்டும். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எதுவும் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கொஞ்சம் போனாலும் குதிரையின் இதயத் தசை கெட்டுவிடும்.

உலர்புல்லை எடை போட்ட பிறகு 30 முதல் 60 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை ஓரளவு இறங்கும். சென்னை வெயிலில் அதற்குமேல் ஊறினால் புளித்துவிடும். ஊறிய புல் மிஞ்சினால் எறிந்துவிடுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த கட்டு வேண்டாம், இருமல் வரும்.

ஒரு நாள் தீனியை ஒரே வேளையில் போட்டால் சில மணி நேரத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் லாயக் கட்டையைக் கடிக்கும். சிறு கண் வலைப்பையில், 3 அல்லது 4 செ.மீ. கண், நாளைக்கு 5 முறை பிரித்துத் தொங்கவிடுங்கள். கால் சிக்காத உயரம் முக்கியம். இரவு 10 மணிப் பங்கு மற்றதைவிடப் பெரிதாக இருக்கட்டும். உங்கள் பக்கம் மணல் தரை, வெறும் தரையில் போட்டால் புல்லோடு மணலும் குடலுக்குப் போய்ச் சேர்ந்து வயிற்று வலி வரும். சந்தேகமிருந்தால் தரை படாத 6 சாண உருண்டையைக் கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் கரைத்து 15 நிமிடம் விடுங்கள். அடியில் மணல் படிந்தால் தெரிந்துவிடும்.

நடைப் பயிற்சிக்கு முன் குளம்பைத் தொடுங்கள். கொழுத்த குதிரைக்குப் பெரிய ஆபத்து அங்கேதான்: குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் மடிப்புகள் வீங்கி விட்டுக்கொடுக்கும். முன்னங்கால் கணுவின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரல் வைத்தால் நாடித்துடிப்பு தேடித்தான் கிடைக்க வேண்டும். திம் திம்மென்று அடித்தாலோ, குளம்பு சுட்டாலோ, முன்னங்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றாலோ நடக்கவே விடக் கூடாது. மெத்தென்ற படுக்கையில் நிறுத்தி, அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். பிடரி கல்மாதிரி இறுகியிருந்தால் ரத்தத்தில் இன்சுலின் பார்க்கச் சொல்லுங்கள். குளம்பைச் சீவுவது 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை.

குளம்பு நன்றாக இருந்தால் விடியற்காலை 6 மணிக்குள் கையில் பிடித்து 15 நிமிடம் நடை, மாலையில் இன்னொரு 15. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு மெல்ல ஓட்டம். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் ஈர மணலில்தான், பொதபொத மணல் தசைநாரை இழுத்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே வற்றிப்போகும்: நடந்து வந்தும் உடம்பு காய்ந்திருந்து, மூச்சு மட்டும் வாங்கினால் பயிற்சியை நிறுத்தி நீர் ஊற்றுங்கள்.

2 வாரத்துக்கு ஒரு முறை நாடா பிடியுங்கள். வாரத்துக்கு ஒன்றரை முதல் 3 கிலோ இறங்கினால் போதும், அவசரப்படாதீர்கள். 6 வாரத்திலும் அசையவில்லையென்றால் யாரோ ஒளித்துத் தீனி கொடுக்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். விலா புறங்கைமாதிரி வந்ததும் புல்லை மெதுவாக 2 சதவீதத்துக்கு ஏற்றலாம். கொள்ளு மட்டும் சவாரி தொடங்கும் வரை வேண்டாம்.