ஐம்பதும் ஊசித் துளையும்

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். வரும் ஆவணியில் எனக்கு ஐம்பது முடிகிறது. விழா எடுக்கிறோம் என்று பிள்ளைகள் நிற்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊசித் துளை மங்கலாகத் தெரிகிறது. சாப்பிட்டு எழுந்திருக்க தரையில் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. இனி இறங்குமுகம்தானா?

வாசகி, ஆம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

விழா எடுக்கட்டும், தடுக்காதீர்கள். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நம் வேலூரில் தொடங்கியது 1918இல். அப்போது அவருக்கு வயது 47. இன்றைக்கு ஊரே அறிந்த சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். உங்களுக்கும் கைப்பக்குவம் இப்போதுதான் முற்றியிருக்கிறது. குறைந்திருப்பது கண்ணும் தொடைத் தசையும். இரண்டையும் சரிக்கட்டலாம்.

கண்ணில் வந்திருப்பது வெள்ளெழுத்தாகத்தான் இருக்கும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகி, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுக்காது. நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வரும். கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியை வாங்காதீர்கள். அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர். உங்கள் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருக்கும் என்று சொல்ல முடியாது. கண் டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மெஷினில் வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணிலிருந்து ஊசி வரை எத்தனை செ.மீ. என்று பக்கத்தில் இருப்பவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். புத்தகம் படிக்கும் தூரத்துக்கு, அதாவது சுமார் 35 செ.மீ.க்கு, பவர் போட்டுவிட்டால் அரை மீட்டரில் இருக்கும் ஊசி மறுபடி மங்கும். பார்க்கக் குனிந்து குனிந்து முதுகு போகும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியாக வரும் பைஃபோகலும் மெஷினுக்கு ஒத்துவராது. கிட்டப் பார்வைக் கட்டம் அடியில் இருப்பதால் தாடையைத் தூக்கியே தைக்க வேண்டும், மாலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். தையலுக்கென்று தனிக் கண்ணாடி கேளுங்கள். அப்படியே கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். அது கூடினால் பெரும்பாலும் வலிக்காது, பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் போகும்.

அடுத்தது தொடை. கை இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 நொடிக்கு மேல் ஆனால் தசை தளர்ந்திருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டெட்டாக இரண்டு முறை செய்யுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். பலர் தொப்பென்று விழுவார்கள், அதில் பாதிப் பலன் போய்விடும். முட்டி இரண்டும் உள்பக்கம் சாயக் கூடாது, மூச்சை அடக்கவும் கூடாது. தொடை இரண்டு நாள் கடுக்கும், அது சரி. முட்டி வீங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாட்டில் நம் ஊர்க் கேழ்வரகுக் களியை விட்டுவிடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. புரதத்துக்கு அது போதாது. 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. மீதிக்குப் பருப்பு, தயிர், மீன்.

ரத்தத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்க எட்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். சர்க்கரை போடாத காபியும் கூடாது. 100க்குக் கீழ் நல்லது, 126ஐத் தொட்டால் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். பிரஷர் பார்க்க மாடியேறிய வேகத்தில் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சளவில் இருக்கப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பலர் இதை வெளியே சொல்வதே இல்லை. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு டாக்டரிடம் போங்கள். லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.